உங்கள் வீட்டுத் தண்ணீர்க் கணக்கு எந்தத் தேதியில் தீர்கிறது? நீங்களே போட்டுப் பார்க்க ஒரு வழி

ஒரு நைலான் கயிறு, ஒரு பக்கெட், பாதி எழுதி மீதி கிடக்கும் பழைய நோட்டு ஒன்று, ஒரு வாரப் பொறுமை. இவ்வளவு இருந்தால் போதும். நம் வீடு பூமியிடமிருந்து எவ்வளவு எடுக்கிறது, பூமி நம் வீட்டுக்கென்று எவ்வளவு ஊறித் தருகிறது என்று நாமே கணக்குப் போட்டுவிடலாம். நான் வேலூரை ஒட்டிய காட்பாடிப் பக்கம் இருக்கிறேன், எங்கள் வீட்டில் நாலு பேர், 1,200 சதுர அடி மனையில் பாதி வீடு, பாதி திறந்த இடம், பின்பக்கம் பழைய கிணறு. கீழே நான் சொல்லும் எண்களெல்லாம் எங்கள் வீட்டு எண்கள், உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் இந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். 1990-களின் தொடக்கத்தில் கனடாவில் வில்லியம் ரீஸ், மத்தீஸ் வாக்கர்நாகல் என்ற இரண்டு பேர் ஒரு கேள்வி கேட்டார்கள். மனிதர்கள் ஒரு வருஷத்தில் தின்பது, எரிப்பது, வெட்டுவது எல்லாவற்றையும் மறுபடி விளைவிக்கவும், வெளியே விடும் கரியமில வாயுவை உறிஞ்சவும் எவ்வளவு நிலமும் கடலும் வேண்டும் என்பதுதான் அது. அந்தக் கணக்கிலிருந்துதான் ஒவ்வொரு வருஷமும் ஒரு தேதி சொல்கிறார்கள்: பூமி அந்த ஒரு வருஷத்துக்குத் திரும்ப உண்டாக்கித் தருவதை நாம் எல்லோரும் சேர்ந்து தீர்த்துவிடும் நாள். 2024-ல் அது ஆகஸ்ட் 1. 2025-ல் ஜூலை 24. அதாவது ஆடி மாசம் தொடங்கிய ஒரு வாரத்திலேயே வருஷத்து விளைச்சல் காலி, மீதி அஞ்சு மாசமும் விதைநெல்லைக் குத்திச் சோறாக்குகிற கதைதான். 1970-களின் தொடக்கத்திலிருந்து உலகம் இப்படித்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

இதில் இந்தியர் ஒருவரின் பங்கு உலக சராசரியைவிட ரொம்பக் குறைவு, அதை மறைக்க வேண்டியதில்லை. உலகத்தில் எல்லோரும் நம்மைப் போலச் செலவழித்தால் ஒரு பூமியே போதும். ஆனால் நம்முடைய நாட்டு நிலம் நமக்குத் தருவதைவிட நாம் எடுப்பது அதிகம், அதுவும் உண்மை. இன்னொரு விஷயம், அந்த உலகக் கணக்கில் தண்ணீர் நேரடியாகச் சேராது. வேலூர்க்காரர்களுக்கோ எல்லாவற்றுக்கும் முன்னால் தீர்ந்து போவது தண்ணீர்தான். அதனால்தான் அதே முறையை எடுத்துத் தண்ணீருக்குப் போட்டுப் பார்த்தேன்.

சரி, கணக்குக்கு வருவோம்.

எடுப்பது எவ்வளவு

மேல்நிலைத் தொட்டி 1,000 லிட்டர் என்றால் அதை நிரப்பி மோட்டாரை நிறுத்துங்கள், தேதியும் நேரமும் நோட்டில் எழுதுங்கள். தொட்டி காலியாகும்போது மறுபடி எழுதுங்கள். இதை ஏழு நாள் விடாமல் செய்ய வேண்டும், ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் உள்ளே வர வேண்டும், ஏனென்றால் துணி துவைப்பதும் வீடு கழுவுவதும் எண்ணெய்க் குளியலும் அன்றைக்குத்தான். டேங்கர் லாரித் தண்ணீர் வாங்கினால் அதையும், காவிரிக் கூட்டுக் குடிநீர் வந்தால் எத்தனை குடம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அதுவும் எங்கேயோ ஊறிய தண்ணீர்தானே, மேட்டூரிலிருந்து குழாயில் வருவதால் கணக்கில் இல்லாமல் போய்விடாது.

எங்கள் வீட்டில் முதல் வாரம் 4,200 லிட்டர் வந்தது. நாளுக்கு 600, தலைக்கு 150. நாங்கள் சிக்கனமான வீடு என்று நினைத்துக்கொண்டிருந்தோம், அந்த எண்ணைப் பார்த்ததும் அம்மாவே நம்பவில்லை, மறுவாரமும் அளக்கச் சொன்னார். அதே எண்தான்.

எங்கே போகிறது என்று கண்டுபிடிக்கப் பக்கெட் போதும். சொட்டும் குழாய்க்கு அடியில் ராத்திரி படுக்கும்போது பக்கெட்டை வைத்துவிட்டுக் காலையில் பாருங்கள். ஆர்.ஓ. மெஷினின் கழிவுக் குழாயை ஒரு நாள் முழுக்கப் பக்கெட்டில் விடுங்கள். எங்கள் மெஷின் 1 லிட்டர் நல்ல தண்ணீர் தர 3 லிட்டரைச் சாக்கடைக்கு அனுப்பிக்கொண்டிருந்தது, அது நல்ல குளிர்ந்த தெளிவான தண்ணீர், பார்க்கவே மனசு வலித்தது. இப்போது அது தரை துடைக்கவும் கழிப்பறைக்கும் போகிறது. உப்பு கூடுதலாக இருக்கும், செடிக்கு மட்டும் ஊற்றாதீர்கள். துவைத்து அலசிய கடைசித் தண்ணீர், ஷவருக்குப் பதில் பக்கெட்டும் சொம்பும், பாத்திரத்தைத் தேய்த்து முடித்த பிறகு குழாயைத் திறப்பது, இப்படி ஒவ்வொன்றாகச் செய்து மூன்று மாசத்தில் 600 என்பது 400-க்கு வந்தது. யாரும் தாகத்தில் தவிக்கவில்லை, யாரும் குளிக்காமல் இருக்கவில்லை.

ஊறுவது எவ்வளவு

நம் பக்கம் ஆண்டுக்குச் சராசரியாக சுமார் 950 மில்லிமீட்டர் மழை. தென்மேற்கிலும் கொஞ்சம், வடகிழக்கிலும் கொஞ்சம் என்று இரண்டு பருவத்திலும் நமக்குக் கிடைக்கிறது, அது ஒரு கொடுப்பினை. 1 சதுர அடி மாடியில் 1 மில்லிமீட்டர் பெய்தால் சுமார் 93 மில்லி லிட்டர் தண்ணீர். 600 சதுர அடி மொட்டை மாடிக்கு இதைப் பெருக்கினால் ஆண்டுக்கு 53,000 லிட்டர் வரும். வெயிலில் காய்வது, தெறிப்பது, முதல் மழையை அழுக்கென்று வெளியே விடுவது எல்லாம் கழித்து நூற்றுக்கு 80 என்று வைத்தால் 42,000 லிட்டர்.

திறந்த இடத்தில் பெய்யும் மழை அப்படியே இறங்கிவிடும் என்று நினைக்காதீர்கள். வேலூரைச் சுற்றி மலையைப் பார்த்தாலே தெரியும், கீழேயும் அதே பாறைதான். பாறை நிலத்தில் பெய்யும் மழையில் பத்தில் ஒரு பங்கு அளவுதான் நிலத்தடிக்குப் போய்ச் சேரும், பல இடங்களில் அதுகூட இல்லை. ஆக மீதி 600 சதுர அடிக்கு 5,300 லிட்டர். அதுவும் மண்ணாக இருந்தால்தான், சிமென்ட் போட்டு டைல்ஸ் ஒட்டியிருந்தால் பூஜ்யம் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

இப்போது ஊறுவதை, நாளுக்கு எடுப்பதால் வகுத்துப் பாருங்கள்.

மாடித் தண்ணீர் முழுக்கத் தெருவுக்குப் போகிற வீடென்றால் நிலத்துக்குக் கிடைப்பது 5,300 மட்டும், நாளுக்கு 600 எடுத்தால் ஒன்பதாவது நாள் தீர்ந்தது. ஜனவரி 9. போகிகூட வரவில்லை, வீட்டின் வருஷக் கணக்கு முடிந்துவிட்டது. மாடித் தண்ணீரையும் நிலத்துக்குள் விட்டால் மொத்தம் 47,300, தீரும் நாள் மார்ச் 20, பங்குனி பிறந்து ஒரு வாரம். அதோடு நாளுக்கு 400 என்று குறைத்துக்கொண்டால் ஏப்ரல் 29, அக்னி நட்சத்திரம் தொடங்க ஒரு வாரம்கூட இல்லை. மனை அதேதான், மழையும் அதேதான், குடும்பத்திலும் அதே நாலு பேர்தான், தேதி மட்டும் நூறு நாளுக்கு மேல் தள்ளிப் போயிருக்கிறது.

டிசம்பர் 31 வரைக்கும் தள்ள முடியுமா என்றால் ஊருக்குள் சின்ன மனையில் முடியாது. மீதி நாட்களுக்கு நாம் ஏரியையும் ஆற்றையும் அடுத்த ஊர்க்காரர் வயலையும் நம்பித்தான் வாழ்கிறோம், இது தெரிந்த பிறகு ஏரியில் ஒரு லோடு குப்பை கொட்டுவதைப் பார்த்துக்கொண்டு போக மனசு வராது. எனக்கு வரவில்லை. ஓட்டேரி ஏரி ஒரு காலத்தில் வேலூருக்கே குடிநீர் கொடுத்த ஏரி.

அரசாங்கமும் நிலத்தடி நீருக்கு இதே வகுத்தலைத்தான் செய்கிறது. பகுதி பகுதியாகப் பிரித்து, ஊறுவதில் எத்தனை சதவீதம் எடுக்கிறார்கள் என்று பார்க்கிறார்கள். 70 வரை பாதுகாப்பு, 90-ஐத் தாண்டினால் அபாயம், 100-ஐத் தாண்டினால் அதிநுகர்வு. உங்கள் பகுதி எதில் இருக்கிறது என்று ஒரு முறை தேடிப் பாருங்கள், இணையத்திலேயே அறிக்கை இருக்கிறது.

கிணற்றில் கயிறு விடுவது

கணக்கு சரியா என்று சொல்வது கிணறுதான். நைலான் கயிற்றின் நுனியில் ஒரு கல்லைக் கட்டி, ஒவ்வொரு அடிக்கும் ஒரு முடிச்சு, பத்தாவது முடிச்சில் சிவப்புத் துணி. கிணற்றுச் சுவரின் மேல்விளிம்பில் பெயிண்டால் ஒரு புள்ளி வைத்து எப்போதும் அந்த இடத்திலிருந்தே கயிறு விட வேண்டும். கல் தண்ணீரைத் தொடும் சத்தம் வரும்போது நிறுத்தி முடிச்சை எண்ணுங்கள். காலையில் மோட்டார் போடுவதற்கு முன்னால் அளக்க வேண்டும், மோட்டார் ஓடி நிறுத்திய உடனே அளந்தால் மட்டம் பொய் சொல்லும். மே கடைசியில் ஒரு அளவு, பொங்கல் கழிந்து ஒரு அளவு, இந்த இரண்டும் தவறாமல் வேண்டும். மாசம் ஒன்று என்றால் இன்னும் நல்லது. போர் மட்டும் இருக்கிற வீட்டில் கேசிங் வாயில் பூட்டு மாதிரி மோட்டார் பைப் அடைத்திருக்கும், கயிறு விட்டால் சிக்கிக்கொள்ளும். பக்கத்தில் யார் வீட்டிலாவது திறந்த கிணறு இருந்தால் அதை உங்கள் தெருவின் கிணறாக வைத்துக்கொள்ளுங்கள்.

10 அடி விட்டமுள்ள கிணற்றில் 1 அடி தண்ணீர் என்பது 2,200 லிட்டர். எங்கள் கிணறு அந்த அளவு. 2016-ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்துப் போனது எல்லோருக்கும் நினைவிருக்கும். அடுத்த மே மாசம் கயிற்றில் 38 முடிச்சு போயும் கல் தண்ணீரைத் தொடவில்லை, தரையில் மோதிய ‘டொக்’ என்ற சத்தம் மட்டும் வந்தது. அதுவரை அந்தக் கிணறு வற்றி அம்மா பார்த்ததில்லை. 2021 நவம்பரில் பாலாற்றில் பெருவெள்ளம் வந்தபோது இரண்டு வாரத்தில் 9-வது முடிச்சு நனைந்து வந்தது. இந்த இரண்டு எண்ணும் ஒரே நோட்டில் அடுத்தடுத்த பக்கத்தில் இருக்கின்றன.

கிணற்று மட்டம் எப்படி இறங்குகிறது, எப்படி ஏறுகிறது என்று இரண்டு மூணு வருஷம் எழுதினால் உங்களுக்கே புரியும். ஒவ்வொரு தையிலும் ஏறும் மட்டம் போன தையைவிடக் கீழே நின்றால், அது வட்டியைத் தாண்டி முதலில் கை வைத்ததற்கு அடையாளம்.

நிலத்துக்குத் திருப்பிக் கொடுப்பது

2003-ல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்திலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று வந்தது. எங்கள் வீட்டிலும் அப்போது ஒரு குழி வெட்டினோம், ஜல்லி கொட்டினோம், பைப்பைத் திருப்பிவிட்டோம், அதோடு மறந்தும் போனோம். பத்து வருஷம் கழித்துத் திறந்தால் மூன்றடி ஆழத்துக்குச் சேறு, அதில் ஒரு துளசிச் செடி. பல வீடுகளில் இன்றைக்கும் அப்படித்தான் இருக்கிறது, போய்த் திறந்து பாருங்கள்.

புதிதாகச் செய்யும்போது அளவைக் கணக்குப் போட்டுச் செய்தோம். ஒரு மணி நேரத்தில் 50 மில்லிமீட்டர் கொட்டும் மழை நம் ஊரில் அபூர்வமில்லை, அப்போது 600 சதுர அடி மாடியிலிருந்து 2,500 லிட்டருக்கு மேல் ஒரேயடியாக வரும். மூன்றடிக் குழி முழுக்க ஜல்லி போட்டால் நடுவில் தண்ணீர் நிற்க மிஞ்சும் இடம் சில நூறு லிட்டர்தான், மீதி வழிந்து தெருவுக்குப் போகும். உறை இறக்க வந்த மேஸ்திரி அண்ணன்தான் இதை ஒரே வரியில் சொன்னார்: “குழிக்குள்ள ஜல்லியை ரொப்பிட்டா தண்ணி நிக்க எடம் ஏதுங்க?” அவர் சொன்னபடி 3 அடி விட்டமுள்ள சிமென்ட் உறைகளை 15 அடி ஆழத்துக்கு இறக்கினோம். அதில் 3,000 லிட்டர் நிற்கும். உறைகளின் பக்கவாட்டில் துளை, அடியில் சிமென்ட் கூடாது, ஒரு அடி பெருஜல்லி மட்டும். மேலே ஆள் நடந்தாலும் உடையாத கனமான மூடி, குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதில் மட்டும் காசு பார்க்காதீர்கள்.

குழிக்கு முன்னால் இரண்டடிக்கு இரண்டடியில் ஒரு சின்ன வடிகட்டித் தொட்டி அவசியம். கீழே பெருஜல்லி, நடுவில் சின்ன ஜல்லி, மேலே மணல், ஒவ்வொன்றுக்கும் இடையில் நைலான் வலை. மணலை வருஷத்துக்கு ஒரு முறை, ஆவணி புரட்டாசியில், வெளியே எடுத்து அலசிப் போட்டால் பத்து வருஷம் ஆனாலும் குழியில் சேறு சேராது. மாடி பைப்பில் ஒரு திருப்பி வைத்து முதல் மழையை வெளியே விட்டுவிடுங்கள், காக்கை எச்சமும் சருகும் அதோடு போகட்டும். கழிப்பறைத் தொட்டியிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தள்ளி வையுங்கள். சோப்புத் தண்ணீரை இந்தக் குழிக்குள் விடவே கூடாது, அதற்கு வாழையும் கல்வாழையும் தனியாக இருக்கட்டும்.

ஊராகச் சேர்ந்து செய்தால் என்ன நடக்கும் என்பதற்கு வெகு தூரம் போக வேண்டாம். நம் மாவட்டத்து நாகநதியில் நூறு நாள் வேலைக்கு வந்த பெண்கள்தான் ஓடைகளின் குறுக்கே கல் அடுக்கினார்கள், உறை இறக்கி நீர் செறிவூட்டும் கிணறுகள் கட்டினார்கள். ஆயிரக்கணக்கான பெண்களின் கைவேலை அது, வறண்டு கிடந்த ஆற்றுப் பக்கம் கிணறுகளில் மறுபடி தண்ணீர் ஊறியது. வீட்டுக் குழியில் நடப்பதும் அதேதான், அளவுதான் சின்னது.

மணலும் உப்பும்

வேலூருக்குள் போக பாலாற்றுப் பாலத்தைத் தாண்டும்போது கீழே பார்க்கிறோமே, அந்த மணல்தான் ஆற்றின் தொட்டி. வீட்டில் சோதித்துப் பாருங்கள், ஒரு பக்கெட் நிறைய ஆற்று மணல் எடுத்துக்கொண்டு சொம்பு சொம்பாகத் தண்ணீர் ஊற்றுங்கள். கால் பக்கெட் தண்ணீர் போனாலும் மேலே ஒரு சொட்டு தெரியாது. நம் பெரியவர்கள் ஆற்றுக்குள் ஊற்று தோண்டிக் குடித்ததும், ஊற்றுக்கால் வெட்டி வயலுக்கு நீர் கொண்டு போனதும் இந்த மணலை நம்பித்தான். ஒரு லோடு மணல் அள்ளினால் போவது மணல் மட்டுமா, வருஷா வருஷம் அதில் நிற்க வேண்டிய தண்ணீரும் சேர்ந்தே போகிறது. அது மறுபடி மலையிலிருந்து உருண்டு வந்து படிய எத்தனை வெள்ளம் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். உலகம் முழுக்க மணலும் ஜல்லியுமாக ஆண்டுக்கு 5,000 கோடி டன் எடுக்கிறார்கள் என்று ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு 2022-ல் சொன்னது. ஆக வீடு கட்டுவதற்கு முன்னால், இருக்கும் வீட்டைப் பழுது பார்த்தால் போதுமா என்று ஒரு மேஸ்திரியிடம் கேளுங்கள். எம்-சாண்ட் இருக்கிறதே என்பார்கள், அதற்கும் ஏதோ ஒரு மலையைத்தான் உடைக்க வேண்டும்.

எடுப்பதை அளந்த மாதிரியே திரும்ப விடுவது எப்படி இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் இருப்பவர்களுக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தோல் பதனிடும் கழிவால் கெட்டுப் போன கிணறுகளுக்காக இந்த மக்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள், 1996-ல் வந்த தீர்ப்பில்தான் மாசுபடுத்தியவரே அதற்கு ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கை இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று உறுதியானது. நாடு முழுக்க இன்றைக்கும் எடுத்துக் காட்டும் தீர்ப்பு அது, நம் மண்ணிலிருந்து போனது. வற்றிய கிணறு ஒரு நல்ல மழைக்கு ஊறிவிடும், உப்பேறிய கிணறு அவ்வளவு சீக்கிரம் திரும்பாது. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கப் பேனா அளவில் டி.டி.எஸ். மீட்டர் கிடைக்கிறது, தெருவுக்கு ஒன்று வாங்கினால் போதும். குடிநீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை என்பது இந்தியத் தர அளவு. கயிறு விடும் நாளிலேயே இதையும் அளந்து பக்கத்தில் எழுதிவிடுங்கள். அந்த மீட்டர் உப்பை மட்டும்தான் காட்டும், கிருமியையோ குரோமியத்தையோ காட்டாது, அதற்கு ஆய்வகத்தில்தான் கொடுக்க வேண்டும்.

மீதிக் கணக்கு

உலகக் கணக்கில் பாதிக்கு மேல், சுமார் 60 சதவீதம், கரியமில வாயுதான். அதனால் நோட்டில் இன்னொரு பக்கம் கரண்டுக்கும் கேஸுக்கும். 1 யூனிட் கரண்டுக்குச் சுமார் 700 கிராம் கரியமில வாயு, 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று எரிந்து முடிந்தால் 40 கிலோவுக்கு மேல். தண்ணீர் செலவு குறைந்தால் மோட்டார் ஓடுவது குறையும், எனவே முதல் பக்கம் சரியானாலே இந்தப் பக்கம் கொஞ்சம் தானாகச் சரியாகும்.

சாப்பாடு இதைவிடப் பெரியது. 1 கிலோ அரிசி விளைய சுமார் 2,500 லிட்டர் தண்ணீர் வேண்டும், எங்கள் வீடு ஆறு நாள் புழங்கும் தண்ணீர் அது. கல்யாணத்தில் இலையில் மீந்து மூடப்படும் பிரியாணியைப் பார்க்கும்போது எனக்கு இந்த எண்தான் கண்முன் வரும். ஒரு மாசம், தினமும் வீட்டில் வீணாகும் சோற்றை ஒரு டப்பாவில் போட்டு எடை பாருங்கள், அப்புறம் உலை வைக்கும்போது கை தானாகக் குறையும். காய் வாங்கும்போது முடிந்தவரை நம் பக்கத்துக் காய், இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் கிடைக்கிற ஊரில் குளிர்பதன வண்டியில் ஏறி வந்த காய் எதற்கு.

நோட்டை ஆணியடித்துக் கிணற்றடிச் சுவரில் தொங்கவிட்டிருக்கிறோம், மழைக்கு ஒரு பிளாஸ்டிக் உறை போட்டு. பக்கத்து வீட்டு அக்கா இப்போது எங்களைக் கேட்காமலே வந்து கயிறு விட்டு எழுதிவிட்டுப் போகிறார், அவர் வீட்டுப் போருக்கும் இதே தண்ணீர்தானே என்று. போன தையில் 14-வது முடிச்சு, அதற்கு முந்தைய தையில் 16. அடுத்த அளவு மே 31, காலை ஆறு மணி, மோட்டார் போடுவதற்கு முன்.